கண்ணுக்கு வேலை இல்லை, காதே போதும்!

பார்வை இல்லாதவர்கள் ஆடும் ஒலி விளையாட்டுகள்

ஒரு கார் பந்தயம். வண்டிகள் சீறிப் பாய்கின்றன. எதிரே ஒரு வளைவு வருகிறது. வேகத்தைச் சரியான இடத்தில் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி பாதையை விட்டு மண்ணில் இறங்கிவிடும்.

வண்டியை ஓட்டுகிறவர் அந்த வளைவைப் பார்க்கவில்லை. அவருக்குக் கண் பார்வை கிடையாது!

ஆனாலும் சரியான இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார். சரியான பக்கம் திருப்புகிறார். வளைவைத் தாண்டி மறுபடியும் பறக்கிறார்.

இது நிஜக் கார் அல்ல. டெலிவிஷன் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டு. இதன் பெயர் ‘போர்சா மோட்டார்ஸ்போர்ட்’. அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதம் இதை வெளியிட்டது.

பார்வை இல்லாதவர் இதை எப்படி ஓட்டுகிறார்? காதால் ஓட்டுகிறார்.

வளைவு வருவதற்கு முன்பே ஓர் ஓசை எச்சரிக்கிறது. வண்டி பாதையின் ஓரத்தை நெருங்கினால் இன்னோர் ஓசை கேட்கிறது. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்துக்கு ஓர் ஓசை. ‘கியர்’ மாற்ற வேண்டிய நேரத்துக்கு ஓர் ஓசை. யானை வரும் பின்னே, மணி ஓசை வரும் முன்னே என்பார்களே, அதே கதைதான்.

இந்த ஓசைகளை அமைக்க ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் பிராண்டன் கோல். அமெரிக்கர். அவருக்கும் பார்வை கிடையாது. விளையாட்டுக் கம்பெனிகளுக்கு யோசனை சொல்வதையே அவர் தொழிலாகக் கொண்டிருந்தார். 2024-ம் ஆண்டு அவர் காலமானார். அவர் உதவியோடு உருவான ஓசைகள் இன்றும் வழி காட்டுகின்றன.

‘வீடியோ’ என்ற லத்தீன் சொல்லுக்கே ‘பார்க்கிறேன்’ என்றுதான் பொருள். பார்ப்பதற்கென்றே பிறந்த விளையாட்டு, பார்வை இல்லாதவர் கைக்கு எப்படி வந்தது? அது இன்றோ நேற்றோ தொடங்கிய கதை அல்ல.

ஓசை போடும் பந்து

1922-ம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம். ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த, பார்வை இல்லாத இரண்டு தொழிலாளர்களுக்குக் கிரிக்கெட் ஆட ஆசை. பந்து தெரியவேண்டுமே! தகர டப்பா ஒன்றில் கற்களைப் போட்டார்கள். டப்பா உருண்டால் ‘கடகட’ என்று சத்தம். பந்து எங்கே வருகிறது என்று காது சொல்லிவிட்டது. பார்வை இல்லாதோர் கிரிக்கெட் அப்படித்தான் பிறந்தது.

இன்று அந்த ஆட்டத்துக்கு உலகக் கோப்பையே இருக்கிறது. பந்துக்குள் சிறு இரும்புக் குண்டுகள் உருண்டு ஓசை எழுப்புகின்றன. 2012-ம் ஆண்டு நடந்த முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. 2025-ம் ஆண்டு கொழும்பில் முடிந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையையும் இந்தியாவே வென்றது.

இரண்டாம் உலக யுத்தத்தில் எத்தனையோ சிப்பாய்கள் கண் இழந்தார்கள். அவர்களுக்காக 1946-ம் ஆண்டு ஐரோப்பாவில் ‘கோல்பால்’ என்ற ஆட்டம் உருவாயிற்று. பந்துக்குள் மணி இருக்கும். எல்லா ஆட்டக்காரர்களும் கண்ணை மறைத்துக்கொள்ள வேண்டும். பந்து உருளும்போது பார்வையாளர்கள் மூச்சுக் காட்டக் கூடாது. 1976-ம் ஆண்டு முதல் மாற்றுத் திறனாளிகளின் ஒலிம்பிக் போட்டிகளில் இதுவும் ஒன்று.

நம் வீட்டுப் பல்லாங்குழியையும் பாருங்கள். குழியில் எத்தனை முத்து என்பதை விரலே எண்ணிவிடும். கண் தேவை இல்லை. பாட்டிக்குப் பார்வை மங்கிய பிறகும் பேத்தியை ஆட்டத்தில் ஜெயித்துவிடுவாள்.

ஆக, ஆட்டத்துக்குக் கண்தான் வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. ஆட்டத்தை அமைக்கிறவர்கள் மனம் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு காதுகளின் கணக்கு

காதை வைத்துத் திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்?

வலது பக்கத்தில் நாய் குரைக்கிறது. அந்த ஓசை வலது காதுக்கு முதலில் வருகிறது. தலையைச் சுற்றி இடது காதுக்குச் சற்றே தாமதமாகப் போகிறது. எவ்வளவு தாமதம்? ஒரு வினாடியை ஆயிரம் பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு கூட இல்லை! அந்த நுண்ணிய இடைவெளியையும் மூளை அளந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. தலை நடுவில் நின்று மறைப்பதால், தூரத்துக் காதில் ஓசை குறைவாகக் கேட்கும். காது மடலின் வளைவுகளும் ஓசையைச் சற்று மாற்றுகின்றன. முன்னாலா, பின்னாலா, மேலேயா என்று அறிய அது உதவுகிறது.

இந்த மூன்று கணக்கையும் கம்ப்யூட்டர் போட்டு, காதில் மாட்டும் ‘ஹெட்போன்’ வழியாக ஓசையை அனுப்பினால் என்ன ஆகும்? அறையில் தனியே உட்கார்ந்திருப்பவருக்கு, முதுகுக்குப் பின்னால் யாரோ நடந்து வருவதுபோல் கேட்கும். சட்டென்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். ஒலி விளையாட்டுகளின் சூட்சுமம் இதுதான்.

படமே இல்லாத விளையாட்டு

ஜப்பானில் கென்ஜி ஈனோ என்று ஒருவர் இருந்தார். இசை அறிந்தவர். வீடியோ விளையாட்டுகள் செய்து புகழ் பெற்றவர். திகில் படங்கள் நிறைந்த விளையாட்டுகள் அவருடைய சிறப்பு.

படங்கள் நிறைந்த அந்த விளையாட்டுகளை, பார்வை இல்லாத சிலரும் ஓசையை மட்டும் வைத்து ஆடுகிறார்கள் என்ற செய்தி ஈனோவுக்கு எட்டியது. அவர்களைச் சந்தித்தார். பார்வை உள்ளவருக்காகச் செய்ததை, இவர்கள் எவ்வளவு சிரமப்பட்டு ஆடுகிறார்கள் என்று கண்டார். இவர்களும் மற்றவர்களும் சமமாக ஆடும் விளையாட்டு ஒன்று செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார்.

அந்த விளையாட்டு 1997-ம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. ‘ரியல் சவுண்ட்’ என்பது அதன் பெயர். திரையில் படமே கிடையாது! முழுக்க முழுக்க குரலும் இசையும் ஓசையும்தான். ஒரு காதல் கதை. கதை நடுவில் மணி ஒலிக்கும். அப்போது ஆடுகிறவர் ‘இப்படியா, அப்படியா’ என்று முடிவு செய்ய வேண்டும். முடிவுக்குத் தகுந்தபடி கதை திரும்பும். விளக்கக் குறிப்பு பிரெய்ல் எழுத்திலும் அச்சாகி இருந்தது.

கதையை எழுதியவர் யூஜி சகாமோட்டோ. இவர்தான் 2023-ம் ஆண்டு பிரான்சில் நடந்த கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசு பெற்றவர்.

இந்த விளையாட்டைத் தங்கள் கருவியில் மட்டுமே வெளியிட வேண்டும் என்று ‘சேகா’ கம்பெனி விரும்பியது. ஈனோ ஒரு நிபந்தனை போட்டார். “பார்வை இல்லாதவர்களுக்கு நீங்கள் 1,000 கருவிகளை இலவசமாகக் கொடுங்கள். நான் 1,000 விளையாட்டுகளை இலவசமாகக் கொடுக்கிறேன்” என்பதே அதன் சாரம். கம்பெனி ஒப்புக்கொண்டது. பின்னாளில் ஒரு பேட்டியில் ஈனோவே இதைச் சொன்னார். 2013-ம் ஆண்டு, 42 வயதில் அவர் மறைந்தார்.

கைக்குள் வந்த விளையாட்டு

பார்வை இல்லாதவர் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துகிறார்? திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் ‘திரை வாசிப்பான்’ இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வை இல்லாத நண்பர்கள் இருவர், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்பவர்கள், 2006-ம் ஆண்டில் ‘என்.வி.டி.ஏ.’ என்ற திரை வாசிப்பானைச் செய்யத் தொடங்கினார்கள். அதை இலவசமாகவே கொடுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் அது பேசுகிறது.

2009-ம் ஆண்டு ஆப்பிள் கம்பெனியின் ‘ஐபோன்’ பேசத் தொடங்கியது. திரையை விரலால் தடவினால், விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குரல் சொல்லும். பார்வை இல்லாதவர் கையில் செல்போன் வந்தது. அதன் பின்னே விளையாட்டும் வந்தது.

2010-ம் ஆண்டு இங்கிலாந்தில் ‘பாப்பா சாங்ரே’ என்ற ஒலி விளையாட்டு வெளியாயிற்று. இருட்டு உலகத்தில் தனியாக நடக்க வேண்டும். இரண்டு கட்டை விரல்களாலும் மாறி மாறித் தட்டினால் கால்கள் நடக்கும். பக்கத்தில் பயங்கரப் பிராணிகள் உறுமும். பார்வை உள்ளவர்களும் இதைக் கேட்டு நடுங்கினார்கள்.

2015-ம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரிலிருந்து ‘எ பிளைண்ட் லெஜண்ட்’ வந்தது. கதாநாயகன் கண் பார்வை இழந்த ஒரு வீரன். அவன் மனைவியைப் பகைவர்கள் தூக்கிச் சென்றுவிட்டார்கள். மகள்தான் அவனுக்கு வழிகாட்டி. “அப்பா, இந்தப் பக்கம்!” என்பதுபோல் அவள் குரல் கொடுப்பாள். குரல் வந்த திசையில் அவன் நடப்பான். பகைவனின் வாள் வீச்சைக் காதால் அறிந்து தடுப்பான்.

2021-ம் ஆண்டு கனடாவில் செய்த ‘தி வேல்’ விளையாட்டில், பிறவியிலேயே பார்வை இல்லாத ஓர் இளவரசி போர்க்களத்தைக் கடந்து வீடு திரும்புகிறாள்.

இந்தக் கதைகளில் கதாநாயகனையோ நாயகியையோ பார்த்து யாரும் ‘ஐயோ பாவம்’ என்று சொல்ல முடியாது. வாள் அவர்கள் கையில் இருக்கிறது.

தனிப் பந்தியா, சமபந்தியா?

இங்கேதான் ஒரு கேள்வி பிறக்கிறது.

ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் இருக்கிறார்கள். தங்கைக்குப் பார்வை இல்லை. அவளுக்கென்று தனியாக ஓர் ஒலி விளையாட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். அவள் ஒரு மூலையில் ஆடுகிறாள். அண்ணன் நண்பர்களோடு இன்னொரு மூலையில் வேறு ஆட்டம் ஆடுகிறான். பள்ளியில் எல்லோரும் பேசுவது அண்ணன் ஆடும் ஆட்டத்தைப் பற்றித்தான். தங்கை அந்தப் பேச்சில் சேர முடியவில்லை.

சாப்பாடு போட்டார்கள். ஆனால் தனிப் பந்தியில் போட்டார்கள்! சமபந்தியில் இடம் எப்போது?

தனி விளையாட்டுகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அவற்றைச் செய்வது பெரும்பாலும் சிறிய கம்பெனிகள். கருவி மாறினால் விளையாட்டும் செத்துப் போகிறது. ‘ரியல் சவுண்ட்’ ஓடிய ‘சேகா’ கருவிகளை இப்போது யாரும் செய்வது இல்லை. ‘பாப்பா சாங்ரே’ கடையிலிருந்தே மறைந்துவிட்டது.

சமபந்திக்கு ஒரு பெரிய வாசல் 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் திறந்தது. அமெரிக்காவின் ‘நாட்டி டாக்’ கம்பெனி ‘தி லாஸ்ட் ஆப் அஸ்’ விளையாட்டின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டது. ஒரு கோடி பிரதிகளுக்கு மேல் விற்ற விளையாட்டு இது. அதில் மாற்றுத் திறனாளிகளுக்காக 60-க்கும் மேற்பட்ட வசதிகள் இருந்தன. திரையில் உள்ள எழுத்தைக் குரல் படித்தது. எதிரி எங்கே, வழி எங்கே, குனிய வேண்டிய இடம் எங்கே என்று ஓசைகள் சொல்லின. பார்வை இல்லாதவர்கள் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாங்களாகவே ஆடி முடித்தார்கள். அதே ஆட்டம், அதே கதை, அதே நாளில்! (அது பெரியவர்களுக்கான ஆட்டம். ரத்தக் களறி மிகுந்தது. குழந்தைகளுக்கு ஏற்றது அல்ல.)

2023-ம் ஆண்டு வந்த ‘ஸ்ட்ரீட் பைட்டர் 6’ என்ற ஜப்பானியச் சண்டை விளையாட்டில், எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதற்கும், அடி மேலே விழுகிறதா கீழே விழுகிறதா என்பதற்கும் தனித் தனி ஓசை உண்டு. அதே ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த ‘ஈவோ’ போட்டியில், பார்வை இல்லாத நெதர்லாந்து ஆட்டக்காரர் ஒருவர் கலந்துகொண்டார். அவருக்கென்று தனிப் பிரிவு இல்லை. எல்லோருக்கும் நடுவில் ஒருவராக மோதினார்.

இது சலுகையா?

“ஓசை கொடுத்து வழி சொல்லிவிட்டால், அது எப்படி விளையாட்டு ஆகும்? கைதூக்கி விடுவதுதானே?” என்று சிலர் கேட்கிறார்கள்.

அந்தக் கார் பந்தயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வை உள்ளவர்களுக்கு அதில் சாலையின் மேல் ஒரு நிறக் கோடு காட்டும் வசதி இருக்கிறது. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் கோடு சிவப்பாகும். அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. கண்ணுக்குக் கோடு கொடுத்தால் நியாயம். காதுக்கு ஓசை கொடுத்தால் சலுகையா?

ஓசை செய்தியைச் சொல்கிறது. வண்டியைத் திருப்புவது ஆடுகிறவர் கை. நேரத்தில் திருப்பாவிட்டால் அவரும் தோற்பார். அந்தத் தோல்வியும் வேண்டியதுதான். யாரோ விட்டுக் கொடுத்து வரும் வெற்றியில் ருசி இல்லை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஜெயிக்கும் உரிமையோடு தோற்கும் உரிமையும் சேர்ந்தால்தான் அது சமமான ஆட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனிகள் எல்லாம் தாமாகவே மனம் மாறிவிடவில்லை. அமெரிக்காவில் 2010-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் மின்னணு வசதிகளை மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். விளையாட்டுக் கம்பெனிகள் தவணை கேட்டு வாங்கின. அந்தத் தவணை 2018-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதியோடு முடிந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வசதிக்குத்தான் அந்தச் சட்டம். ஆட்டத்தையே ஆட வழி செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை. பேச உரிமை வந்தது. ஆட உரிமை கம்பெனியின் மனத்தைப் பொறுத்தது!

இன்றும் பெரும்பாலான விளையாட்டுகளில் வாசல் கதவு பூட்டியே கிடக்கிறது. காரணம் என்ன? விளையாட்டின் எழுத்துகளும் பொத்தான்களும் பெரும்பாலும் படமாகவே வரையப்படுகின்றன. திரை வாசிப்பானுக்குப் படம் புரியாது. ‘ஆட்டத்தைத் தொடங்கு’ என்ற முதல் பொத்தானையே அது படிக்காது. பணம் கொடுத்து வாங்கியவர் முதல் படியிலேயே நிற்பார்.

வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். மைக்ரோசாப்ட், கூகுள், நின்டெண்டோ, யூபிசாப்ட் போன்ற பெரிய கம்பெனிகள் அதில் சேர்ந்தன. மருந்துப் புட்டியில் சீட்டு ஒட்டுவதுபோல், விளையாட்டுகளுக்கும் வசதிச் சீட்டு ஒட்டுவார்கள். மொத்தம் 24 வகைச் சீட்டுகள். ‘பட்டியலைக் குரல் படித்துக் காட்டும்’ என்பது அவற்றில் ஒன்று. சேர்வது கட்டாயம் அல்ல. எத்தனை கம்பெனிகள் நேர்மையாக ஒட்டுகின்றன என்பதைப் பொறுத்தே இதன் பலன் இருக்கும்.

செலவு அதிகம் ஆகும் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. வீடு கட்டும்போதே வாசலில் சாய்வான வழி வைத்தால் செலவு குறைவு. கட்டி முடித்த பிறகு படியை இடித்து வைத்தால் செலவு கூடும். விளையாட்டும் அப்படித்தான். முதல் நாளே ஓசையைத் திட்டமிட வேண்டும்.

நம் நாட்டில்...

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவர்களில் எத்தனையோ குழந்தைகள்.

விலை உயர்ந்த விளையாட்டுக் கருவி எல்லா வீட்டிலும் இராது. ஆனால் செல்போன் இருக்கிறது. அது தமிழையும் படித்துக் காட்டுகிறது. ஆகவே, செல்போனில் ஓடும் ஒலி விளையாட்டுகள்தான் நம் குழந்தைகளுக்கு முதலில் கை கொடுக்கக் கூடியவை.

மொழிதான் குறுக்கே நிற்கிறது. காலடி ஓசைக்கு மொழி இல்லை. வாள் மோதும் ஓசைக்கும் மொழி இல்லை. ஆனால் வழி சொல்லும் குரலுக்கு மொழி உண்டு. ஜப்பானியக் காதல் கதை ஜப்பானிய மொழியில்தான் பேசிற்று. வீரனின் மகள் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுகிறாள். இங்கே சொன்ன விளையாட்டுகளில் ஒன்று கூடத் தமிழில் பேசவில்லை.

வானொலி நாடகத்தைக் காதால் கேட்டே அழுது சிரித்த ஊர் இது. வில்லுப்பாட்டும் கதாகாலட்சேபமும் கேட்டு வளர்ந்த ஊர் இது. நல்ல குரலுக்கும் நல்ல கதைக்கும் இங்கே பஞ்சம் இல்லை. படம் வரையச் செலவு செய்யத் தேவை இல்லாத விளையாட்டை, கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். செய்யும்போது, பார்வை இல்லாத பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஓசை எங்கே வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிராண்டன் கோல் செய்த வேலையும் அதுதானே!

பார்வை உள்ளவர்கள் வேண்டுமானால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு, ‘ஹெட்போன்’ மாட்டிக்கொண்டு, பார்வை இல்லாத ஒருவரோடு ஓர் ஒலி விளையாட்டில் மோதிப் பார்க்கட்டும்.

முதல் ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?